கிருமிக்கும் ஒரு கிருமி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2010இல் ஒரு மாணவி, அழுகிப்போன கத்தரிக்காய் ஒன்றின் அடிப்பக்கத்திலிருந்து ஆய்வுக்கு மாதிரி எடுத்தார். மண், எரு, அழுகல் என்று கிடைத்த இடத்திலிருந்து பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் ஒன்றைப் பிடிக்க வேண்டும், அதற்குப் பெயர் வைக்க வேண்டும், அதன் மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். அறிவியல் ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று மாணவர்களுக்குக் காட்டும் பயிற்சி அது. கத்தரிக்காயில் சிக்கிய வைரஸுக்குச் சேற்றைக் குறிக்கும் ‘மட்டி’ என்ற ஆங்கிலப் பெயர் வாய்த்தது. இப்படி மாணவர்கள் பிடித்துக் கொடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வைரஸ்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ஹாட்ஃபுல் என்ற பேராசிரியரின் உறைபெட்டிகளில் இருக்கின்றன. மட்டியும் அங்கே போய்ச் சேர்ந்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஹாட்ஃபுல்லுக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்ற பரம்பரை நோயால் நுரையீரல் கெட்டு, மாற்று நுரையீரல் பொருத்தப்பட்ட 15 வயதுப் பெண்ணின் உடம்பில் ‘மைக்கோபாக்டீரியம் அப்ஸெஸ்ஸஸ்’ பரவியிருந்தது. காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தமான இந்தக் கிருமி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. அறுவை சிகிச்சை செய்த இடம் ஆறவில்லை. தோலில் கட்டிகள் கிளம்பின. பிட்ஸ்பர்க்கில் தேடியதில் மூன்று வைரஸ்கள் தேறின. அவற்றில் மட்டி மட்டும்தான் இருந்தபடியே கொல்லக்கூடியது. மற்ற இரண்டையும் மரபணுவைத் திருத்தித்தான் கொலைகாரர்களாக்க வேண்டியிருந்தது. 2018 ஜூன் முதல் வேளைக்கு 100 கோடி வைரஸ்கள் வீதம் தினம் இரண்டு வேளை ரத்தநாளம் வழியே செலுத்தினார்கள். புண் ஆறத் தொடங்கியது, கட்டிகள் வற்றின, கல்லீரல் தேறியது. தொற்று அடியோடு ஒழிந்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் கையை விரித்துவிட்ட நிலையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய், மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இன்னொரு நோயாளியை விட்டுவிடுகிறார்கள். அதே மருத்துவமனையில் ஏறக்குறைய அதே நிலையில் மற்றொரு பதின்வயது நோயாளியும் இருந்தார். அவருடைய கிருமியும் பிட்ஸ்பர்க்குக்கு வந்தது. அவ்வளவு பெரிய சேகரத்தில் அதைக் கொல்லும் வைரஸ் ஒன்றுகூட அகப்படவில்லை. அவர் இறந்துபோனார். பெயரளவில் இரண்டும் ஒரே இனக் கிருமிதான். இருந்தும் ஒன்றை அழித்த வைரஸ் மற்றொன்றைத் தொடக்கூட இல்லை. ஃபேஜ் சிகிச்சையின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு படுக்கைகளுக்கு இடையில்தான் இருக்கின்றன.

பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ், பாக்டீரியாவை மட்டுமே தொற்றும் வைரஸ். ஐயாயிரம் ஃபேஜ்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். பூமியில் இருக்கும் ஃபேஜ்களின் எண்ணிக்கையை எழுத 1-க்குப் பின்னால் 31 சுழியங்கள் போட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கடலில், மண்ணில், நம் குடலில், சாக்கடையில், பாக்டீரியா எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இவையும் உண்டு. நாம் தினமும் இவற்றை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது ஈ-கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4. மேலே பட்டை தீட்டிய தலை, அதற்குள் டி.என்.ஏ., கீழே குழல்போல வால், வாலின் நுனியில் மெல்லிய கால்கள். பாக்டீரியாவின் மேற்பரப்பில் தனக்குரிய மூலக்கூறு தட்டுப்பட்டால் கால்கள் பற்றிக்கொள்ளும். வாலின் உறை சுருங்கி, உள்ளிருக்கும் குழல் சுவரைத் துளைத்து டி.என்.ஏ.வை உள்ளே இறக்கும். அதோடு பாக்டீரியாவின் சொந்த வேலைகள் நின்று, அதன் உறுப்புகளெல்லாம் ஃபேஜ் தயாரிக்கத் தொடங்கும். அரை மணி நேரத்துக்குள் நூறுக்கும் மேற்பட்ட புதிய ஃபேஜ்கள் தயார். அப்போது ஒரு புரதம் உட்சவ்வில் ஓட்டை போட, இன்னொன்று வெளிச்சுவரை அறுக்க, பாக்டீரியா வெடிக்கும். உரிய மூலக்கூறு தட்டுப்படவில்லை என்றால் எதுவும் நடக்காது. மனித செல்லில் அந்த மூலக்கூறு கிடையாது. குடலில் நமக்கு உதவியாக இருக்கும் மற்ற பாக்டீரியாக்களிலும் பெரும்பாலும் கிடையாது. பல இனங்களை ஒருசேரக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்கை ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

ஃபேஜைப் பிடிப்பது கஷ்டமான வேலையல்ல. கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். முதலில் சாக்கடை நீர் வேண்டும். மருத்துவமனைக் கழிவுநீராக இருந்தால் இன்னும் நல்லது. அதை மைய விலக்கியில் சுழற்றினால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் செலுத்தினால் பாக்டீரியா தங்கிவிடும், ஃபேஜ் நழுவிப்போகும். வடிந்த நீரை, கொல்ல வேண்டிய கிருமியோடு சேர்த்து ஒரு இரவு 37 டிகிரியில் வைப்பார்கள். மறுநாள் அதில் சில துளிகளைக் கிருமியோடும் இளக்கமான அகரோடும் கலந்து பெட்ரி தட்டில் ஊற்றுவார்கள். காலையில் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து பால் ஆடைபோல மங்கியிருக்கும். ஃபேஜ் அகப்பட்டிருந்தால் அந்த மங்கலில் ஊசிமுனை அளவிலும் மிளகு அளவிலும் தெளிவான வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரே ஒரு ஃபேஜிலிருந்து தொடங்கிய அழிவு. நுனிக்குச்சியால் ஒரு வட்டத்தைத் தொட்டு எடுத்து மறுபடி வளர்த்தால் ஒரே வகை ஃபேஜ் கைக்கு வந்துவிடும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் இந்த வட்டங்களை எண்ணித்தான் இன்றும் ஃபேஜ் மருந்தின் வீரியத்தைச் சொல்கிறார்கள்.

இந்த வட்டங்களைப் பார்த்துத்தான் ஃபெலிக்ஸ் டெரெல் 1917இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபேஜுக்குப் பெயரிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் ஃபிரடெரிக் டுவார்ட் இதுபோன்ற ஒன்றைப் பார்த்து ‘லான்செட்’ இதழில் எழுதியிருந்தார், ஆனால் அதை மேலே கொண்டுபோகவில்லை. டெரெலுக்கு முறையான மருத்துவப் பட்டம் கிடையாது. பிடிவாதம் மட்டும் நிறைய உண்டு. 1919இல் ரத்தபேதியால் வாடிய 12 வயதுச் சிறுவனுக்கு ஃபேஜ் கொடுக்கும் முன் தானும் குடித்து, மருத்துவமனை மருத்துவர்களையும் குடிக்க வைத்துப் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிறுவன் தேறினான்.

ஃபேஜ் வரலாறு எழுதுபவர்கள் வழக்கமாக 1896இல் ஆக்ராவில் எர்னஸ்ட் ஹாங்கின் செய்த சோதனையிலிருந்து ஆரம்பிப்பார்கள். கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்றும், காய்ச்சினால் அந்தக் குணம் போய்விடுகிறது என்றும் அவர் பதிவு செய்தார். கங்கையின் புனிதத்துக்கு அறிவியல் சான்று என்று இதை வாட்ஸப்பில் அனுப்புவோரும் உண்டு. ஹாங்கினோ அது ஆவியாகக்கூடிய ஏதோ ஒரு வேதிப்பொருள் என்றுதான் நினைத்தார். அவர் பார்த்தது ஃபேஜின் வேலைதானா என்று இன்றைய ஆய்வாளர்களில் சிலர் சந்தேகப்படுகிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் நியாயமாகவே படுகிறது. இந்தியாவில் ஃபேஜுக்கு இதைவிட உறுதியான வரலாறு இருக்கிறது. 1927இல் டெரெலே இங்கு வந்து பஞ்சாபில் காலரா நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்தார். தொடர்ந்து ஷில்லாங் பாஸ்டர் நிறுவனத்தின் மாரிசன், அன்றைய அசாம் மாகாணத்தின் நவ்காங் பகுதிக் கிராமங்களில் காலரா ஃபேஜை விநியோகித்து, ஃபேஜ் தராத ஹபிகஞ்ச் பகுதியோடு ஒப்பிட்டார். ஃபேஜ் கொடுத்த பக்கம் சாவு குறைந்திருந்தது. ஆனால் இரண்டு பகுதிகளிலும் தண்ணீரும் வெள்ளமும் நோயின் போக்கும் ஒன்றல்லவே என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் பதில் இல்லை. 1936 வாக்கில் எல்லாம் முடிந்துபோனது.

அதற்குள் மேற்கிலும் ஃபேஜின் மதிப்பு சரிந்துவிட்டது. மருந்துக் கம்பெனிகள் பாட்டில்களில் அடைத்து விற்ற பல ஃபேஜ் மருந்துகளில் உயிருள்ள ஃபேஜே இல்லை. எந்தக் கிருமி என்று பார்க்காமல் எல்லா நோய்க்கும் கொடுத்தார்கள். 1934இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழுக்காக ஈட்டனும் பெய்ன்-ஜோன்ஸும் அதுவரையிலான ஆய்வுகளை அலசி, ஒன்றிரண்டு தொற்றுகள் தவிர மற்றவற்றில் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். ஃபேஜ் உயிருள்ளதா, வெறும் நொதியா என்பதே அப்போது தீரவில்லை. அதன் உருவத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டுகளில் பெனிசிலின் வந்தது. எந்தக் கிருமி என்று துல்லியமாகத் தெரியாமலேயே கொடுக்கலாம், தொழிற்சாலையில் டன் கணக்கில் செய்யலாம், அலமாரியில் வைக்கலாம். அப்புறம் யார் சாக்கடையை வடிகட்டிக்கொண்டிருப்பார்கள்?

சோவியத் ஜார்ஜியாவில் தொடர்ந்து வடிகட்டினார்கள். திபிலிசியில் 1923இல் ஆய்வு நிறுவனம் தொடங்கிய கியோர்கி எலியாவா, பாரிஸில் டெரெலோடு பழகியவர். அவர் அழைத்து டெரெல் 1933-34இல் அங்கே தங்கி வேலை செய்தார். ஒரு புத்தகத்தை ஸ்டாலினுக்கே காணிக்கையாக்கினார். 1937இல் ஸ்டாலினின் ஆட்கள் எலியாவாவைச் சுட்டுக் கொன்றார்கள். டெரெல் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நிறுவனம் மட்டும் பிழைத்தது. குடல் தொற்றுக்கும் சீழ்ப் புண்ணுக்கும் அங்கே தயாரான ஃபேஜ் கலவைகள் இன்றும் ஜார்ஜியாவில் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து, இந்தியாவிலிருந்தும்கூட, நோயாளிகள் திபிலிசிக்குப் போய் வருகிறார்கள்.

உலகம் மறுபடி ஃபேஜைத் தேடி வந்ததற்குக் காரணம் ஆன்டிபயாட்டிக்குகளின் தோல்விதான். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக ‘லான்செட்’ இதழில் வந்த கணக்கு சொல்கிறது. கடைசிக் கையிருப்பான கார்பபெனெம் மருந்துகளையே சிதைக்கும் என்.டி.எம்-1 நொதி இந்தியாவில் பரவியிருப்பதை 2010இல் வெளிக்கொண்டுவந்த ஆய்வில் சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகள் முக்கியமானவை; அதன் முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். என்.டி. என்று புதுடெல்லியின் பெயரை எப்படி அந்த நொதிக்கு வைக்கலாம் என்று அப்போது நாம் போட்ட சண்டையில், ஆய்வு சொன்ன விஷயம் காதில் விழவில்லை.

2016இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் நடந்தது திருப்புமுனை. டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர் எகிப்துச் சுற்றுலாவில் கணையம் வீங்கி, வயிற்றுக்குள் ‘அசினெட்டோபாக்டர் பௌமனி’ தொற்றி, கோமாவில் கிடந்தார். அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ தொற்றுநோயியல் ஆய்வாளர். பழைய ஆய்வுகளைத் தேடிப் படித்து, ஃபேஜ் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் எழுதினார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றும் அமெரிக்கக் கடற்படையும் பொருந்தும் ஃபேஜ்களைக் கொடுத்தன. அவற்றை அப்படியே ரத்தத்தில் ஏற்ற முடியாது. பாக்டீரியாவை வெடிக்க வைத்துத்தான் ஃபேஜ் வளர்கிறது. அந்தச் சிதைவில் மிஞ்சும் நச்சுப்பொருள் ரத்தத்தில் கலந்தால் நோயாளி அதிர்ச்சியில் இறந்துவிடலாம். பல சுற்று சுத்திகரித்த பிறகு, மார்ச் மாதம், முதலில் வயிற்றில் செருகியிருந்த குழாய்கள் வழியாகவும் பிறகு ரத்தநாளம் வழியாகவும் செலுத்தினார்கள். சில நாட்களில் அவர் கண் விழித்து மகளை அடையாளம் கண்டுகொண்டார். ஆகஸ்டில் வீடு திரும்பினார்.

இடையில் நடந்ததுதான் முக்கியம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களுக்குள் அவர் உடம்பிலிருந்த கிருமி, கொடுத்த ஃபேஜ்களை எதிர்க்கப் பழகிவிட்டது. உடனே அந்தப் புதிய வடிவத்தைக் கொல்லும் இன்னொரு ஃபேஜைக் கழிவுநீரில் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள், கூடவே மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும். புதிய ஆன்டிபயாட்டிக் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பத்து ஆண்டுகள் ஆகும். புதிய ஃபேஜைப் பிடிக்க அதிர்ஷ்டம் இருந்தால் சில நாட்கள் போதும்.

கிருமி தப்பித்துக்கொள்வதே சில சமயம் நமக்கு லாபமாகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பென் சானும் பால் டர்னரும் கனெக்டிகட்டின் ஒரு குளத்திலிருந்து எடுத்த ஃபேஜ், ‘சூடோமோனாஸ்’ கிருமியின் மேற்பரப்பில் ஒரு குழாயின் வாயைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே வரும் ஆன்டிபயாட்டிக்கை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பின் குழாய் அது. ஃபேஜிடமிருந்து தப்ப வேண்டுமானால் கிருமி அந்தக் குழாயை மாற்றவோ விடவோ வேண்டும். அப்படிச் செய்தால் பம்பு கெட்டு, பழைய ஆன்டிபயாட்டிக்குகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன. 2016இல் அவர்கள் வெளியிட்ட இந்த முடிவுதான் இத்துறையிலேயே எனக்குப் பிடித்த ஒன்று. ஆன்டிபயாட்டிக்கை ஓரங்கட்டிவிட்டு ஃபேஜ் வரப்போகிறது என்று பேசுவது எவ்வளவு தவறு என்பதை இது காட்டுகிறது.

பிரஸ்ஸல்ஸின் ராணி ஆஸ்ட்ரிட் ராணுவ மருத்துவமனை ஒருங்கிணைத்த 100 நோயாளிகளின் விவரமும் அதையே சொல்கிறது. 2024இல் வெளியான அந்தத் தொகுப்பில் 77.2 சதவீதத் தொற்றுகளில் முன்னேற்றம், 61.3 சதவீதத்தில் கிருமி முற்றாக ஒழிந்தது. ஆன்டிபயாட்டிக் சேர்க்காமல் ஃபேஜை மட்டும் கொடுத்த இடங்களில் ஒழியும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத தொகுப்பு என்பதால் இந்தச் சதவீதங்களை மட்டும் வைத்து ஆட வேண்டாம்.

ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த பெரிய முயற்சிகள் தோற்றிருக்கின்றன. பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவமனைகளில் தீக்காயத் தொற்றுக்கு 12 ஃபேஜ்கள் அடங்கிய கலவையைப் பூசிப் பார்த்த ‘ஃபேகோபர்ன்’ ஆய்வில், வழக்கமான வெள்ளி சல்ஃபாடையசின் களிம்பே வேகமாக வேலை செய்தது. மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் ஃபேஜ் இருக்க வேண்டிய மருந்து, தயாரித்த பின் வீரியம் சரிந்து, நோயாளியிடம் போகும்போது நூறு அளவுக்கு வந்துவிட்டிருந்தது. டாக்காவில் வயிற்றுப்போக்குக் குழந்தைகளுக்கு ஈ-கோலை ஃபேஜ் கொடுத்த ஆய்வும் பலனளிக்கவில்லை. குழந்தைகளின் மலத்தில் ஃபேஜ் பெருகும் அளவுக்கு ஈ-கோலை இல்லை. இரை போதாத ஃபேஜ் பெருகாமலேயே வெளியேறிவிட்டது. இந்த இரண்டு தோல்விகளிலும் ஃபேஜை மாத்திரைபோல நடத்தியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒரே கலவையைச் செய்து வைத்துக்கொண்டு வருகிற எல்லோருக்கும் கொடுப்பது பெனிசிலினுக்குச் சரி. ஃபேஜுக்கு ஜாதகப் பொருத்தம் பார்த்தாக வேண்டும், அதுவும் ஆளுக்கு ஆள்.

எல்லா ஃபேஜும் நல்லதும் அல்ல. சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் டி.என்.ஏ.வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போகும்போது நச்சு மரபணுக்களையும் கொண்டுபோகும். காலராக் கிருமி வயிற்றை நீராக்கப் பயன்படுத்தும் நச்சுக்கான மரபணுவே ஒரு ஃபேஜ் கொண்டுவந்து சேர்த்தது என்று 1996இல் வால்டரும் மெகலானோஸும் காட்டினார்கள். தொண்டை அடைப்பான் நச்சும் ஃபேஜின் சரக்குதான். அதனால் மருந்தாகத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு ஃபேஜின் மரபணுவையும் முழுசாகப் படித்துப் பார்க்காமல் நோயாளியின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மருந்துச் சட்டங்களுக்கும் ஃபேஜ் சிக்கலாகத்தான் இருக்கிறது. இன்று வேலை செய்யும் கலவை அடுத்த மாதம் மாற்றப்பட வேண்டியதாகலாம். மாறும் ஒவ்வொரு கலவைக்கும் புதிதாக மூன்று கட்டச் சோதனை நடத்தச் சொன்னால் எந்தக் கம்பெனியும் பணம் போடாது. பெல்ஜியம் 2018இல் ஒரு வழி கண்டது. மருத்துவர் சீட்டு எழுத, ஒரு நோயாளிக்கென்று மருந்தாளுநர் கலக்கிக் கொடுக்கும் மருந்தாக ஃபேஜை வகைப்படுத்தியது. அரசு அங்கீகரித்த ஆய்வகம் ஒவ்வொரு ஃபேஜின் தரத்துக்கும் சான்று தரும். கலவையை மருத்துவரும் மருந்தாளுநரும் முடிவு செய்வார்கள்.

இங்கே வாரணாசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மாதக்கணக்கில் ஆறாத புண்களுக்கு ஃபேஜ் பூசிச் சிறிய அளவில் ஆய்வுகள் நடத்தி வெளியிட்டிருக்கிறார்கள். வேலூர் வி.ஐ.டி.யில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. ஃபேஜுக்கு வேண்டிய கழிவுநீர் நம் ஊர்களில் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். கையில் ஃபேஜ் வந்தாலும் அதைச் சோதித்துப் பார்க்க நோயாளியின் கிருமி வேண்டுமே? பெரிய மருத்துவமனைகளில் நாள்தோறும் சளி, சிறுநீர், சீழ் என்று கல்ச்சர் வைக்கிறார்கள். எந்த மருந்துக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்று ரிப்போர்ட் வந்ததும் பெரும்பாலான தட்டுகள் ஆட்டோகிளேவில் வெந்து குப்பைக்குப் போய்விடுகின்றன. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்று ரிப்போர்ட் வரும் கிருமிகளையாவது கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் போட்டு வைத்தால், பக்கத்துக் கல்லூரியின் மாணவர்கள் எதைக் கொல்லும் ஃபேஜைத் தேடுவது என்று தெரிந்து தேடலாம். அதற்கு வேண்டியது ஓர் உறைபெட்டி, ஒரு பதிவேடு, நாள் முழுவதும் மின்சாரம்.